கிளாகோமா அறுவை சிகிச்சை ஆய்வுகளை வைவாவுக்குப் படிக்கும் விதம்

கண் மருத்துவ எம்.எஸ். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கிளாகோமா (கண் அழுத்தத்தோடு தொடர்புடைய, பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் நோய்) ஆய்வின் பெயரையும் முடிவையும் ஒப்பித்தால் போதும் என்று நினைப்பவர்களைத் தேர்வாளரின் அடுத்த கேள்வி திணறடித்துவிடும்: "எதைத் தோல்வி என்று கணக்கிட்டார்கள்?"

நான் படித்தபோது முடிவுப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். எப்படிப்பட்ட நோயாளிகளைச் சேர்த்தார்கள், தோல்விக்கு என்ன வரையறை என்ற இரண்டையும்தான் முதலில் எழுதிக்கொள்வேன்.

கண்ணுக்குள் இருக்கும் நீரை வெளியே வடிக்க டியூப் (சிறு குழாய்) பொருத்துவதையும், கண் சுவரிலேயே வடிகால் வழி திறக்கும் டிராபெகுலெக்டமி அறுவையையும் ஒப்பிட்ட டி.வி.டி. (Tube Versus Trabeculectomy) ஆய்வையே பாருங்கள். 2012இல் வந்த ஐந்தாண்டு முடிவின்படி, டியூப் பொருத்தியவர்களில் 29.8 சதவீதம், டிராபெகுலெக்டமி செய்தவர்களில் 46.9 சதவீதம் தோல்வி. உடனே டியூபுக்கு வாக்களித்துவிடாதீர்கள். அவையெல்லாம் ஏற்கெனவே கண்புரை அறுவையோ டிராபெகுலெக்டமியோ நடந்த கண்கள். அதே ஒப்பீட்டைக் கத்தி படாத கண்களில் நடத்திய பி.டி.வி.டி. (Primary TVT) ஆய்வின் முதலாண்டு முடிவு நேர்மாறாக இருந்தது: டியூபில் 17.3 சதவீதம், டிராபெகுலெக்டமியில் 7.9 சதவீதம் தோல்வி. ஐந்தாம் ஆண்டில் அந்த வேறுபாடு புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தது.

இனி வரையறை. டி.வி.டி.யில் கண் அழுத்தம் 21 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலோ, ஆரம்ப அளவிலிருந்து 20 சதவீதம்கூடக் குறையாவிட்டாலோ, 5க்கு இறங்கிவிட்டாலோ தோல்வி. மறு அறுவையும் ஒளியுணர்வு இழப்பும் அதில் அடங்கும். அப்படியானால் 26லிருந்து 20க்கு வந்த கண் வெற்றிக் கணக்கில் சேரும். பார்வைப் புலம் பெரும்பகுதி போய்விட்ட ஒருவருக்கு 20 போதுமா? போதாது என்பதே என் பதில். இதைக் காரணத்தோடு சொல்பவரைத் தேர்வாளர் மேற்கொண்டு துருவுவதில்லை.

இப்படிப் படிக்க என்னைப் பழக்கியவை கண் ஆய்வுகள் அல்ல, பெருந்தமனிச் சுவரின் வலிமை பற்றிய கட்டுரைகள். வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தின் விட்டம் ஆண்களுக்கு 5.5 செ.மீ.யை எட்டினால் அறுவையைப் பற்றி யோசிக்கிறார்கள். உண்மையில் சுவர் கிழிவது, அதன் மேல் விழும் தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) அதன் வலிமையை மிஞ்சும்போதுதான். தகைவை ஸ்கேன் படத்திலிருந்து கணக்கிடலாம். வலிமையை நேரடியாக அளக்கத் திசுப்பட்டை வெட்டி, அறுபடும்வரை எந்திரத்தில் இழுக்க வேண்டும். உயிரோடிருப்பவரிடம் அது நடக்காது. அதனால்தான் விட்டம் அந்த வேலையைப் பார்க்கிறது. சோதனைக்கு வரும் திசுவில் பெரும்பகுதி அறுவை மேசையிலிருந்தோ பிரேதப் பரிசோதனையிலிருந்தோ வந்தது என்பதையும் கவனியுங்கள். சின்ன வீக்கத்தோடு நலமாக நடமாடுபவரின் சுவர் அங்கே வருவது அரிது. கண் அழுத்தமும் விட்டத்தைப் போலத்தான்: நாம் காக்க நினைப்பது பார்வை நரம்பை, ஆய்வு அளப்பது அழுத்தத்தை.

கண்ணையும் தமனியையும் இணைக்கும் கேள்வி ஒன்றும் வரலாம். சூடோஎக்ஸ்ஃபோலியேஷனோடு (கண்ணின் முன்பகுதியில் வெண்செதில் போன்ற பொருள் படியும் நிலை) எல்.ஓ.எக்ஸ்.எல்.1 மரபணுவுக்கு உள்ள தொடர்பு 2007இல் அறிவிக்கப்பட்டது. எலாஸ்டின் (திசுவுக்கு மீள்தன்மை தரும் புரதம்) இழைகள் உருவாக உதவும் நொதிக்கான மரபணு அது. தமனிச் சுவரிலும் எலாஸ்டின் உண்டு. நீங்களாக இதை எடுத்துவிட வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள், சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் உள்ளவர்களுக்குப் பெருந்தமனி வீக்கம் கூடுதலாக வருகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.