உனக்குத்தான் கொழுப்பு

நம்ம ஸ்கூல் பழைய மாணவர் சங்கத்துல மலர் போடறோம், ஒரு பக்கம் எழுதுங்கனு கேட்டப்போ நேரமில்லனு சொல்லிட்டேன். போன மாசம் நம்ம மூணாங்கிளாஸ் டீச்சர் போயிட்டாங்கனு குரூப்ல மெசேஜ் வந்துச்சு, அதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்னு சொன்னாலே யாருனு தெரிஞ்சிடும், பேர் வேண்டாம்.

பாலைவனப் பாடம் ஞாபகம் இருக்கா? கிரவுண்ட் மணலைச் சலிச்சு ட்ரேல கொட்டி, களிமண்ணுல கள்ளி பண்ணி, தீக்குச்சி மருந்தைச் சுரண்டிட்டு முள்ளு முள்ளா குத்தினோம் (சுரண்டின மருந்து யார் பாக்கெட்டுக்குப் போச்சுங்கறத இப்ப கிளற வேண்டாம்). "முள்ளுதான்டா அதுக்கு இலை, இலையை அகலமா விரிச்சு வச்சா உள்ள இருக்கற தண்ணியெல்லாம் ஆவியாப் போயிடும், அதான் பச்சைத் தண்டே சமைச்சுக்குது"னு அவங்க சொன்னது இன்னும் அதே குரல்ல கேக்குது.

அப்புறம் ஒட்டகம். திமில்ல என்ன இருக்குனு கேட்டாங்க, கிளாஸே "தண்ணி"னு கத்துச்சு. நான் மட்டும் எந்திரிச்சு "கொழுப்பு டீச்சர்"னேன், அக்கா புக்குல பார்த்தது. "உனக்குத்தான்டா கொழுப்பு, ஏறு பெஞ்சு மேல!"

அன்னிலேருந்து என் பேரே அதுதான், இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு நிஜப் பேர் தெரியாது. வயித்துவலினு திங்களும் செவ்வாயும் லீவு போட்டேன். வீம்புக்கே ஒட்டகத்தைப் பத்திப் படிச்சேன், பட்டினி கிடந்தா கொழுப்பு கரைஞ்சு திமில் ஒரு பக்கமா சாஞ்சிடுமாம், தண்ணி கிடைச்சா கால் மணி நேரத்துல 100 லிட்டர் குடிக்குமாம், ரத்த அணுவே முட்டை வடிவமா இருக்கறதால ஊதினாலும் வெடிக்காதாம். அந்த வீம்புதான் என்னை பயாலஜி படிக்க வச்சு இவ்ளோ தூரம் கொண்டு வந்துச்சு, நன்றி சொல்றதா திட்டறதானு தெரியல.

இங்க வந்து 28 வருஷம். நாலு தடவை ஊருக்குப் போனேன், ஸ்கூல் பக்கம் போகல. ரெண்டு வருஷம் முன்னாடி அமெரிக்கா-மெக்சிகோ எல்லையில இருக்கற சொனோரன் பாலைவனத்துல சாகுவாரோங்கற கள்ளி பார்த்தேன், மூணு ஆள் உயரம், மழைத் தண்ணியை உறிஞ்சி உறிஞ்சி மடிப்பெல்லாம் விரிஞ்சு நிக்குது. கை மாதிரி முதல் கிளை முளைக்கவே 50லேருந்து 75 வருஷம் ஆகுமாம். போட்டோ எடுத்து, டீச்சர் நம்பரையும் கேட்டு வாங்கி, "திமில்ல என்ன இருக்கு டீச்சர்?"னு டைப் பண்ணினேன். அனுப்பல.

போன வாரம் பெஞ்சு மேட் போன் பண்ணினான். அந்தத் திங்கக்கிழமை டீச்சர் வந்ததும் வராததுமா "அவன் சொன்னதுதான் சரி, எனக்குத்தான் தெரியல"னு சொல்லி, போர்டு மூலையில பெருசா எழுதி, அவன் வர்ற வரைக்கும் யாரும் அழிக்கக்கூடாதுன்னாங்களாம். ஏன்டா சொல்லலன்னேன். நீ கேக்கலையேன்னான்.

புதன்கிழமை நான் வந்தப்போ போர்டு மூலையில "கொழுப்பு"னு இருந்துச்சு. பசங்க கிண்டல்னு நெனச்சு டஸ்டரை எடுத்து நானே அழிச்சேன். டீச்சர் சேர்ல உக்காந்து பார்த்துட்டுத்தான் இருந்தாங்க.