ஸ்கூட்டரின் ஆர்.சி. வாங்கித் தந்த அமெரிக்க முகவரி

தையல் வடிவக் கோப்புகளை இணையத்தில் விற்கும் என் சிறு தொழிலுக்கு அமெரிக்காவில் ஓர் அஞ்சல் முகவரி வாங்க இரண்டு வாரம் போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். நான்கு மாதங்கள் ஆயின. விளம்பர மின்னஞ்சல் ஒவ்வொன்றிலும் அனுப்புநரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டத்தின் விதி. அதற்காக என் சென்னை வீட்டு முகவரியையே ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

வயோமிங் மாநிலத்தில் எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பதிவு செய்வது ஒரே அமர்வில் முடிந்துவிட்டது. முதல் தவறு அதன் பிறகுதான். நிறுவனத்துக்காக அம்மாநிலத்தில் நியமிக்க வேண்டிய பதிவு முகவரின் முகவரியையே அஞ்சலுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன். அவர் பெற்றுக்கொள்வது நீதிமன்ற, அரசு ஆவணங்களை மட்டுமே என்றும் பிற கடிதங்கள் திருப்பி அனுப்பப்படும் என்றும் ஒப்பந்தத்தில் இருந்த வரியை, பணம் கட்டிய பின்னரே படித்தேன். ஆகவே நமக்கு வரும் கடிதங்களைப் பெற்று ஸ்கேன் செய்து தரும் மெய்நிகர் அஞ்சல் பெட்டி நிறுவனம் ஒன்றைத் தனியாக நாட வேண்டியதாயிற்று.

நம் கடிதங்களை வேறொருவர் பெற்றுக்கொள்ள, அமெரிக்க அஞ்சல் துறையின் 1583 எண் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டு அடையாளச் சான்றுகள் தேவை: ஒன்று படத்துடன், மற்றொன்று முகவரிக்காக. கடவுச்சீட்டையும் வாக்காளர் அட்டையையும் அனுப்பினேன். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் என் குடும்பப் பெயராக நிற்கிறது. வாக்காளர் அட்டையிலோ என் பெயர் மட்டும்தான். "இவை இரு வேறு நபர்களுடையவை" என்று அந்நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. நம் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமில்லை, தந்தையின் பெயரைத்தான் முதலெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம் என்று ஒரு பக்கம் விளக்கி எழுதியதற்கும் அதே பதில்தான், அதே சொற்களில் வந்தது. போதாக்குறைக்கு ஓர் அட்டையில் வீட்டின் பழைய எண், மற்றொன்றில் புதிய எண். ஒரே வாசலுக்கு இரண்டு எண்கள் இருக்கும் சென்னை வழக்கத்தை அந்த ஊழியருக்குப் புரிய வைக்க என்னால் கடைசி வரை இயலவில்லை.

படிவத்தின் பின்குறிப்புகளை வரி வரியாகப் படித்தபோது, முகவரிச் சான்றாக வாகனப் பதிவு அட்டையும் ஏற்கப்படும் என்று கண்டேன். என் ஸ்கூட்டரின் ஆர்.சி. கடவுச்சீட்டைக் காட்டி வாங்கியது. பெயரும் கதவெண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்தின. பெட்ரோல் போடும்போதுகூட நினைவுக்கு வராத அந்த அட்டை, மூன்று வாரத் தகராறை ஒரே நாளில் முடித்து வைத்தது.

அடுத்தது, படிவத்தில் இட்ட கையெழுத்தைச் சான்றளிக்க நோட்டரி. உயர் நீதிமன்றத்தின் அருகே ஒருவரிடம் முத்திரை வாங்கிச் செலவழித்த அரை நாள் வீண். அமெரிக்க மாநிலம் ஒன்றில் நியமனம் பெற்ற நோட்டரிதான் வேண்டும் என்று அந்நிறுவனம் சொல்லிவிட்டது. காணொளி வழியே கையெழுத்தைச் சான்றளிக்கும் சேவைகள் அங்கே பல உள்ளன. ஆனால் நான் சென்ற முதல் சேவை, அமெரிக்கர்களின் அடையாள எண்ணாகப் பயன்படும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்டுத் திரையிலேயே நின்றுவிட்டது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டை ஏற்கிறார்களா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்காததால் இருமுறை கட்டினேன்.

முகவரி கைக்கு வந்ததும் செய்த தவறு முழுக்க முழுக்க என்னுடையது. நிறுவனத்துக்கு வரி எண் கேட்டு அமெரிக்க வரித்துறைக்கு அனுப்பும் எஸ்எஸ்-4 படிவத்தில் தெருவையும் கட்டட எண்ணையும் எழுதினேன். எனக்கு ஒதுக்கப்பட்ட பெட்டி எண்ணை எழுதவில்லை. ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான பெட்டிகள் இருக்கும்போது, பெட்டி எண் இல்லாத கடிதம் யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. பதில் அனுப்பத் தொலைநகல் எண்ணும் நான் கொடுத்திருக்கவில்லை. எண் வழங்கிய கடிதம் புறப்பட்டு, போய், திரும்பிவிட்டது. நானோ ஒவ்வொரு காலையும் காலியான பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறுதியில் வரித்துறையின் வெளிநாட்டு அழைப்பாளர்களுக்கான எண்ணுக்குப் பேசினேன். அது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 6 மணிக்குத் திறக்கிறது. அங்கே கோடைக்காலமானால் நமக்குப் பிற்பகல் 3.30. மறுமுனையில் பேசிய அம்மையார் பொறுமையாக விவரங்களைச் சரிபார்த்து, வரி எண்ணை உறுதிசெய்யும் 147சி என்னும் கடிதத்தை நான் தொடர்பில் இருக்கும்போதே தொலைநகலில் அனுப்பினார். முகவரியைத் திருத்த 8822-பி படிவத்தைத் தனியாக அஞ்சலில் அனுப்பினேன். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டவர் ஒருவரே முழு உரிமையாளராக உள்ள எல்எல்சி, உரிமையாளருடனான பணப் பரிமாற்றங்களைத் தெரிவிக்கும் 5472 படிவத்தை, தாக்கல் செய்ய வேண்டிய ஆண்டில் தவறவிட்டால் அபராதம் 25,000 டாலர். அந்த அறிவிப்பும் நீங்கள் கொடுத்த முகவரியைத் தேடித்தான் போகும்.

வங்கியிலும் ஒரு முட்டுக்கட்டை. இத்தகைய பெட்டி முகவரிகள் எவை என்பதை வங்கிகளால் கண்டுபிடித்துவிட முடிகிறது; தொழில் நடக்கும் இடமாக அதைக் காட்டிய என் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தொழில் நடக்கும் இடம் சென்னை, அஞ்சல் பெறும் இடம் மட்டும் அமெரிக்கா என்று உள்ளதை உள்ளபடி எழுதி வேறொரு வங்கியில் விண்ணப்பித்தபோது நான்கு நாளில் கணக்குத் திறந்தார்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று நிறுவனத்தை அடிக்கடி மாற்றும் எண்ணம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு மாறுபவர்கள் செய்வதுபோல், அஞ்சல் துறையிடம் முகவரி மாற்றம் கேட்டு இந்தப் பெட்டியிலிருந்து கடிதங்களைத் திருப்பிவிட முடியாது. விலகிய பின் ஆறு மாதங்கள் வரை கடிதங்களை மறு அஞ்சல் செய்யும் கடமை பழைய நிறுவனத்துக்கு உண்டு என்றாலும், அதற்கான அஞ்சல் கட்டணம் நம் தலையில்தான் விழும்.

நான்காம் மாதம் என் பெட்டிக்கு முதல் கடிதம் வந்தது. உறையின் மேல் கழுகுச் சின்னம், கொட்டை எழுத்தில் "உடனடிக் கவனத்துக்கு". பதறிப்போய் இரண்டு டாலர் கட்டி அதைப் பிரித்து ஸ்கேன் செய்யச் சொன்னேன். புதிதாகப் பதிவான நிறுவனங்களைக் குறிவைத்து, அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில், தேவையே இல்லாத ஒரு சான்றிதழை விற்கும் விளம்பரம் அது. பெட்டி எண்ணை மட்டும் தவறில்லாமல் எழுதியிருந்தார்கள்.