ஓர் எழுத்துத் திருத்தம்

நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிரியத் தலைநகர் டமாஸ்கஸ் வீழ்ந்தது, அதிபர் பஷார் அல் ஆசாத் நாட்டைவிட்டு ஓடிவிட்டார் என்று ஏஜென்சிச் செய்திகள் வந்து கொட்டிக்கொண்டிருந்தன. நவம்பர் 27-ல் வடமேற்கே இத்லிப் பக்கமிருந்து, ஜோலானி என்ற கிளர்ச்சித் தலைவரின் கீழ் கிளம்பிய படை அலெப்போ, ஹமா, ஹோம்ஸ் என்று பிடித்துக்கொண்டே வந்து, 54 ஆண்டுக் குடும்ப ஆட்சியைப் பன்னிரண்டே நாளில் முடித்திருந்தது.

பக்கம் முடிக்கும் நேரத்தில் உதவி ஆசிரியர் தம்பி கொடுத்த செய்தியில், "ஜோலானி மசூதியில் உரையாற்றினான்" என்று இருந்தது. தம்பிமேல் தப்பில்லை. பயங்கரவாதப் பட்டியலில் இருப்பவர்களுக்கு 'ஆன்' விகுதி போடுவது எங்கள் பிரிவின் பழைய வழக்கம். ஜோலானியின் தலைக்கு அமெரிக்கா ஒரு கோடி டாலர் அறிவித்தபோது நானும் 'அவன்' என்றுதான் எழுதினேன். அன்று அந்த 'ன்' மேல் கர்சரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அதை அழித்து 'ர்' போட்டேன்.

"நேத்து வரைக்கும் அவன், இன்னைக்கு அவராண்ணா?" என்றார் தம்பி. பக்கம் போகட்டும் என்று சமாளித்தேன். கேள்வி வீடு வரை கூடவே வந்தது.

ஜோலானி, ஈராக்கில் அமெரிக்கப் படையை எதிர்த்துப் போராடிச் சிறை சென்றவர். சிரியாவில் அல் கொய்தாவோடு சேர்ந்திருந்த அல் நுஸ்ரா என்ற ஆயுதக் குழுவைத் தொடங்கியவர். 2016-ல் அல் கொய்தாவிலிருந்து விலகியவர். துப்பாக்கி மட்டுமே இருந்திருந்தால் அவர் டமாஸ்கஸ் வந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். இத்லிப்பில் அவரது அமைப்பு பல ஆண்டுகள் வரி வசூலித்து, நீதிமன்றம் நடத்தி, எதிர்த்தவர்களைச் சிறையிலும் அடைத்தது. ஆளப் பழகியது அங்கேதான். 2025 ஜனவரி 29-ல் இடைக்கால அதிபரானபோது போர்ப்பெயர் போய், அகமது அல் ஷரா என்ற சொந்தப் பெயர் வந்திருந்தது.

ஆசாத் வீழ்ந்த அந்த டிசம்பரில், அவரது ஆட்சியின் சைட்னாயா சிறையிலிருந்து வந்த படங்களில் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. காணாமல்போன பிள்ளைகளின் பெயரைத் தேடி, தரையில் சிதறிக் கிடந்த காகிதங்களைப் பெற்றோர் செல்போன் வெளிச்சத்தில் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்துக்கு நாங்கள் ஒதுக்கியது ஒரு பத்தி அகலம். ஷராவின் முகத்துக்கு நான்கு பத்தி. அது தப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

2025 மார்ச்சில் கடலோர மாவட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் ஆசாத் குடும்பம் சார்ந்த அலவி சமூகத்தினர். கொன்றவர்களில் புதிய அரசின் படையினரும் இருந்தார்கள். அதிபர் விசாரணைக் குழு அமைத்தார். அந்தச் செய்தியை எழுதும்போது தம்பியின் கேள்விக்கு என்னளவில் ஒரு பதில் கிடைத்தது. எவராக இருந்தாலும் 'அவர்' என்றே எழுதுவது. அவர் செய்ததை ஒரு வரியும் விடாமல் எழுதுவது. பிரிவில் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஷரா பேசினார். கோட்டும் டையும் போட்ட படம். 1967-க்குப் பிறகு அங்கே பேசிய முதல் சிரிய அதிபர் அவர்தான். அதே 1967-ல் இஸ்ரேலுடன் நடந்த போரில்தான் அவரது குடும்பம் கோலான் குன்றுப் பகுதியை விட்டு வெளியேறியது. ஜோலானி என்ற பெயரே அந்த ஊரிலிருந்து வந்தது. நாம் ஓரிடத்தில் 'கோ', இன்னோரிடத்தில் 'ஜோ' என்று எழுதுவதால் வாசகருக்கு அது தெரிவதே இல்லை.

பட விளக்கத்தில் 'அல் நுஸ்ராவின் முன்னாள் தலைவர்' என்று சேர்த்திருந்தேன். இடமில்லை, எடுத்துவிடலாமா என்று பக்க வடிவமைப்பாளர் கேட்டார். படத்தைக் கொஞ்சம் சுருக்கச் சொன்னேன்.