கடக்கரை உப்பும் எங்க பழைய 800-ம்

எங்க வீட்டு மாருதி 800, 1998 மாடல், அப்பா வாங்குனது, 796 சிசி, மூணு சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்சி புதுப்பிச்சு, அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுட்டு வாறேன். வித்துரு வித்துருன்னு எத்தன பேரு சொன்னாலும் எனக்கு மனசு வரல.

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கம் இருக்கவங்களுக்கு தெரியும், இஞ்சின விட பாடி தான் பெரிய தலவலி, எந்நேரமும் உப்புக்காத்து, அதுக்கு மேல ஜூன்லயும் மழை அக்டோபர்லயும் மழை, நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டுல்லா.

போன வாரம் டிரைவர் பக்க கதவ அடைக்கும்போ உள்ள தண்ணி சளசளன்னு கேட்டுது. கண்ணாடி வழியா இறங்குற மழத்தண்ணி வெளிய போக கதவுக்கு அடியில சின்ன சின்ன ஓட்டை இருக்கும், அதுல மண்ணும் சருகும் அடைச்சு கெடக்கு. பழைய சைக்கிள் கம்பி ஒண்ணு எடுத்து மெல்ல குத்துனேன், தேயில டிக்காஷன் மாதிரி துரு கலந்து செவந்த தண்ணி அர மக் வந்துச்சு, பாத்ததும் மனசு பதறிப்போச்சு. நல்லா காயவிட்டு, எமரி பேப்பர் போட்டு தேச்சு, துருவ தடுக்குற ரெட் ஆக்சைடு பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சேன்.

மக்கா, கடக்கரையில வண்டி வச்சிருந்தா மழைக்கு முன்ன இந்த ஓட்டைய பாத்துருங்க. பெயிண்ட் பொங்கி வெளிய தெரியும்போ உள்ள தகரம் போயிருக்கும்.

பேட்டரி கனெக்சன கழத்தி, டெர்மினல்ல பூத்த வெள்ளைய வெந்நி ஊத்தி கழுவி வாசலின் தடவிட்டேன், அது பத்து நிமிஷ வேல. அடுத்த ஞாயிறு மத்த மூணு கதவு.