75 கார்கள், ஒரு மீன் குளம்: டார்லிங்டன் 1950ஐப் பலகையில் கட்டிப் பார்த்தேன்

ஒரு மீன் குளத்துக்காக ஒரு பந்தயச் சாலையே கோணலாகிப் போனது என்று படித்த அன்றே இதைச் செய்தாக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்கு முன் நான் செய்த சின்ன மாதிரிகளெல்லாம் ரயில் நிலையம், ஒரு கலங்கரை விளக்கம், பாதியில் நிற்கும் ஒரு பாலம். கார் பந்தயத்துக்கும் எனக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. இழுத்தது குளம்தான்.

கதை அமெரிக்காவின் தென் கரோலினாவில், டார்லிங்டன் என்ற சிற்றூரில் நடக்கிறது. ஹரால்ட் பிராசிங்டன் என்பவர் இண்டியானாபொலிஸ் 500 என்ற 500 மைல் கார் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, நம் தெற்குப் பக்கத்திலும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஷெர்மன் ராம்சி என்பவரிடம் பருத்தியும் கடலையும் விளைந்த நிலத்தை வாங்குகிறார். ராம்சி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். நிலத்தின் மேற்குப் பக்கத்தில் அவருடைய குளம் இருந்தது. தூண்டிலில் மாட்டும் பொடிமீன் வளர்க்கிற குளம். அதைத் தொடக் கூடாது. சாலை மேற்கு முனையில் ஒடுங்கியது, கிழக்கு முனை அகலமாகவே நின்றது. மேலிருந்து பார்த்தால் முட்டை.

அந்த முட்டையில் 1950 செப்டம்பர் 4, தொழிலாளர் தின விடுமுறையன்று, முதல் சதர்ன் 500 ஓடியது. ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் யாரும் வாங்கக்கூடிய கார். அந்தக் கார்களை வைத்து 500 மைல் பந்தயம் ஓடியது அதுதான் முதல் முறை. அதுவரை பெரும்பாலும் மண் தடங்களில் ஓடிப் பழகியவர்களுக்கு இங்கே தார்ச் சாலை. ஒரு சுற்று 1.25 மைல், மொத்தம் 400 சுற்று.

அளவு: 500க்கு 1

ஒரு சுற்று ஏறக்குறைய 2 கிலோமீட்டர். பொம்மைக் கார்கள் வரும் 64க்கு 1 அளவில் கட்டினால் சுற்றளவு 31 மீட்டரைத் தாண்டும். எங்கள் மொட்டை மாடியிலும் அடங்காது. 500க்கு 1 என்று வைத்தால் 4 மீட்டர் சொச்சம், கார் ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டர். சரி, 6க்கு 3 அடி பிளைவுட் போதும் என்று கணக்குப் போட்டேன்.

முட்டை வரைவது சுலபம். இரண்டு வட்டம், ஒன்று பெரிது ஒன்று சிறிது, இரண்டையும் தொட்டுக்கொண்டு போகும் இரண்டு கோடுகள். பெரிய வட்டத்துக்கு 44 செ.மீ. ஆரம், சின்னதுக்கு 36, நேர்ச்சாலை 75. சுற்றளவு 403 வந்தது. கிட்டத்தட்ட சரி. ஆரங்கள் நானாக வகுத்துக்கொண்டவை; சுற்றளவும் கோணலும்தான் எனக்கு முக்கியம்.

ஆணி அடித்து, நூல் கட்டி, பென்சிலால் வட்டம் போட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது. 44 என்பது சாலையின் நடுக்கோட்டுக்கு. சாலைக்கு 4 செ.மீ. அகலம் கொடுத்தால் வெளி ஓரம் 46. இரு பக்கமும் சேர்த்து 92. பலகையின் அகலம் 91 செ.மீ. சொச்சம். அரை சென்டிமீட்டருக்கு ஒரு பந்தய மைதானம் பலகையை விட்டு வெளியே தொங்குகிறது! கடைக்காரரிடம் திரும்பப் போய், ஒரு இஞ்ச் ரீப்பர் இரண்டு வாங்கி வந்து ஓரங்களில் ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. சிரித்தார், அவ்வளவுதான்.

தார்ச் சாலை

கறுப்புப் பெயின்ட் அடித்தால் அது சாலை மாதிரி இல்லை, தோசைக்கல் மாதிரி இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்பு உப்புத்தாளை வெட்டி ஒட்டினேன். பார்க்க அச்சு அசல். ஆனால் நேர்ச்சாலைகளை முடித்து முதல் வளைவைத் தொடுவதற்குள் கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது. சாணை பிடித்து வந்தேன், இரண்டாவது வளைவில் மறுபடியும் மழுங்கியது. வீட்டுக் கத்தரியை எடுக்கப் போனேன். "என்னங்க, அது தையலுக்கு வச்சிருக்கிறது" என்று கையிலிருந்து பிடுங்கப்பட்டது. கடைசியில் பிளேடு வாங்கினேன். மொத்தம் 14 பிளேடு போனது.

பத்தாவது பிளேடை எறியும்போதுதான் 1950இல் அங்கே என்ன நடந்தது என்று கையால் புரிந்தது. புதிய தார், செப்டம்பர் வெயில், ஒன்றரை டன்னுக்கு மேல் கனமான கார்கள், மணிக்கு 120, 130 கிலோமீட்டர் வேகம். டயர்களோ அன்றாடம் கடைவீதிக்குப் போய்வரச் செய்தவை. சாலை டயர்களைத் துருவித் தின்றது. டயர் தீர்ந்துபோய், மைதானத்துக்குள் நின்ற பார்வையாளர்களின் கார்களிலிருந்து கழற்றி மாட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் பாதி நம்புகிறேன்.

ஜெயித்தது ஜானி மான்ட்ஸ். வண்டி 1950 பிளிமத், கறுப்பு, எண் 98 ஜூனியர். ஆறு சிலிண்டர், 97 குதிரைசக்தி. எதிரே நின்ற ஓல்ட்ஸ்மொபில் 88களுக்கு 135 குதிரைசக்தி, புத்தம் புதிய வி8 எஞ்சின். ஆனால் மான்ட்ஸ் ஏற்கனவே இண்டியானாபொலிஸ் 500இல் ஓட்டியவர். 500 மைல் ஓடினால் கெட்டித் தளச் சாலை ஒரு டயரை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். லாரிக்குப் போடும் கெட்டி ரப்பர் டயரை மாட்டிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் சீறிப் பாய்ந்து, டயர் வெடித்து, டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் நுழைந்து, ஜாக்கி போட்டு, மறுபடி பாய்ந்துகொண்டிருக்க, இவர் உள்பக்கமாக ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தார். 50வது சுற்றில் முன்னிலைக்கு வந்தவர் பிறகு அதை விடவேயில்லை. மொத்தம் 351 சுற்றுகள் அவர்தான் முதலில்.

இதை மகளிடம் சொன்னபோது, "அப்பா, ரப்பர் வச்சு செஞ்சு பாக்கலாமா?" என்றாள். செய்து பார்த்தோம். அவளுடைய பென்சில் பெட்டியிலிருந்து மெத்தென்ற வெள்ளை ரப்பர் ஒன்று, பேனா எழுத்தை அழிக்கிற நீலக் கெட்டி ரப்பர் ஒன்று. இரண்டின் மீதும் ஒரே எடை, மிச்சமிருந்த உப்புத்தாளில் தலா 100 இழுப்பு. வெள்ளை ரப்பர் 4 மில்லிமீட்டர் தேய்ந்து, தாள் முழுக்கத் துருவிய தேங்காயாகக் கிடந்தது. நீலத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேயவில்லை. ஆனால் வழுக்கிக்கொண்டு ஓடியது. வெள்ளை பிடித்துக்கொண்டு வந்தது. பிடிமானம் குறைந்தால் வளைவில் வேகமாகப் போக முடியாது. 97 குதிரைசக்திக்கு அது பெரிய நஷ்டமில்லை. அந்த வண்டியால் எப்படியும் அவ்வளவு வேகம் போக முடியாது. இந்த இடத்தை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்கும் போட்டேன். முதல் இடத்தில் நின்று கிளம்பிய கர்டிஸ் டர்னரின் தகுதி வேகம் மணிக்கு 82.034 மைல். அதாவது சுற்றுக்கு 55 விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. மான்ட்ஸின் பந்தயச் சராசரி 75.25 மைல், சுற்றுக்கு 60 விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். 5 விநாடி வித்தியாசம், 400 சுற்று. டர்னரின் வண்டி அதே வேகத்தில் கடைசிவரை ஓடியிருந்தால் 33 நிமிடம் முன்னால் வந்திருக்க வேண்டும். அந்த 33 நிமிடமும் டயர் மாற்றுவதிலேயே கரையக்கூடியது என்று டர்னருக்கு யாராவது காலையிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம். அவர் ஓட்டும் ஓட்டம் அப்படி.

எழுபத்தைந்து

இண்டியானாபொலிஸில் வரிசைக்கு 3 கார், 11 வரிசை, மொத்தம் 33. டார்லிங்டனில் அதே மாதிரி வரிசைக்கு 3 வைத்து, 25 வரிசை நிறுத்தினார்கள். 75 கார். வண்டி சேர்க்கவே ஆரம்பத்தில் திண்டாடினார்கள் என்பதை நினைத்தால் வேடிக்கைதான். முதலில் பொறுப்பேற்ற அமைப்பால் போதுமான கார்களைத் திரட்ட முடியாமல், பிறகு பில் ஃபிரான்ஸின் நாஸ்கார் என்ற ஸ்டாக் கார் பந்தய அமைப்பு உள்ளே வந்தது.

ஒரு சென்டிமீட்டர் காரைக் கையால் 75 முறை செதுக்க எனக்குப் பொறுமை இல்லை. இரண்டே இரண்டு செதுக்கினேன்: ஒன்று முதுகு சரிந்த கார், ஒன்று பின்பெட்டி துருத்திய கார். சிலிக்கான் அச்சு எடுத்து, எம்சீல் பிசைந்து அழுத்தினேன். முதல் நாள் ஆசையில் மொத்தப் பொட்டலத்தையும் பிசைந்துவிட்டேன். 11 கார் அழுத்துவதற்குள் மீதி கல்லாகிவிட்டது. பிறகு சுண்டைக்காய் அளவு, சுண்டைக்காய் அளவாக. இரண்டு வாரம் ஓடியது. 90 அழுத்தினால் 75 தேறியது. கூரை அமுங்கிய கார்களை எறிய மனமில்லாமல் டப்பாவில் போட்டிருக்கிறேன். பந்தயம் முடியும்போது நிஜக் கார்களும் ஏறக்குறைய அந்த லட்சணத்தில்தான் இருந்திருக்கும்.

நிறத்துக்கு நெயில் பாலிஷ். ஓல்ட்ஸ்மொபில், மெர்குரி, லிங்கன், காடிலாக், நாஷ் என்று இந்த அளவில் பிரித்துக் காட்ட முடியாது, முயற்சியும் செய்யவில்லை. பிளிமத்துக்கு மட்டும் தனிக் கவனம். குண்டூசி முனையில் வெள்ளை தொட்டு 98 எழுதினேன், ஜூனியருக்கு இடமில்லை.

கறுப்பு அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த வண்டியின் சொந்தக்காரர்களை நினைத்துச் சிரிப்பு வந்தது. நான்கு பேர் பங்கு. ஒருவர் பந்தயத்தை நடத்துகிற பில் ஃபிரான்ஸேதான். இன்னொருவர் ஆல்வின் ஹாக்கின்ஸ். மூன்றாமவர், முதல் வரிசையில் ஓல்ட்ஸ்மொபிலோடு நிற்கிற அதே கர்டிஸ் டர்னர்! நான்காமவர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லண்ட். இவருடைய ஃபோர்டுதான் முந்தைய வருடம், 1949இல், சார்லட்டில் நாஸ்கார் நடத்திய முதல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் (மாற்றம் செய்யாத கார்களுக்கான) பந்தயத்தில் முதலில் வந்தது. பின் ஸ்பிரிங்கில் கைவைத்திருக்கிறார்கள் என்று சொல்லி வெற்றியைப் பறித்து, லிங்கன் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். வெஸ்ட்மோர்லண்ட் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். அடுத்த வருடம் அவரும் ஃபிரான்ஸும் ஒரே வண்டியில் பங்காளிகள். நடுவரும் போட்டியாளரும் ஒரே பையில் கைவிட்ட கதைதான். என் கண்ணுக்கு இது சரியாகப் படவில்லை. டார்லிங்டன் வெற்றியின் மீதும் புகார் எழுந்தது. முடிவு மாறவில்லை, முதல் பரிசான 10,510 டாலர் மான்ட்ஸுக்கே போனது.

எந்த நொடி?

இதில்தான் ஒரு வாரம் வீணானது. முடிவுக் கோட்டைக் காட்டலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் மான்ட்ஸ் ஜெயித்தது 9 சுற்று வித்தியாசத்தில். நிஜத்தில் 18 கிலோமீட்டர், என் பலகையில் 36 மீட்டர். 4 மீட்டர் சாலையில் 36 மீட்டர் முன்னிலையை எப்படிக் காட்டுவது? கோட்டில் பிளிமத்தை வைத்து, அதற்கு முன்னால் நான்கு ஓல்ட்ஸ்மொபிலை வைத்தால், பார்க்கிறவர் பிளிமத் ஐந்தாவது என்றுதான் சொல்வார். வைத்தும் பார்த்தேன். என் மைத்துனர் அதையேதான் சொன்னார்.

அதனால் தொடக்கம். வரிசைக்கு வரிசை 2 செ.மீ. இடைவெளி விட்டேன், 25 வரிசையும் 49 செ.மீ.க்குள் அடங்கியது. 75 செ.மீ. நேர்ச்சாலையில் மூன்றில் இரண்டு பங்கு கார்களே. படத்தில் பார்ப்பதைவிடப் பலகையில் பயமாக இருந்தது. கடைசி வரிசை நகரத் தொடங்கும்போது முதல் வரிசை வளைவுக்குள் போயிருக்கும்.

மான்ட்ஸ் கிளம்பியது 43வது இடத்திலிருந்து. மூன்று மூன்றாக எண்ணினால் 15வது வரிசை. இரண்டாவதாக வந்த ஃபயர்பால் ராபர்ட்ஸுக்கு அப்போது 21 வயது; அவர் 67வது, அதாவது 23வது வரிசை. அவருக்குப் பின்னால் இரண்டே வரிசைதான். மூன்றாவது ரெட் பைரன், காடிலாக். போரில் காலில் பலத்த அடிபட்டு, கிளட்ச் மிதிக்கக் காலுக்குப் பட்டை கட்டி ஓட்டியவர். முந்தைய வருடத்துச் சாம்பியன். அவருடைய காரைக் கருநீலத்தில் அடித்தேன். அது என் ஆசைக்கு.

43ஐயும் 67ஐயும் வைத்த பிறகு முதல் வரிசையை வைத்தேன். எதையும் ஒட்டவில்லை. பிளிமத் எங்கே என்று கேட்டால் எனக்கே எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

குளம்

கடைசியாக விட்டுவைத்ததே இதை ரசித்துச் செய்யத்தான். மேற்கு வளைவுக்கு வெளியே பலகையை ஒரு மில்லிமீட்டர் குடைந்து, பச்சையும் பழுப்பும் கலந்து அடித்து, ரெசின் ஊற்றினேன். கலவை விகிதத்தில் ஏதோ கோட்டை விட்டிருக்கிறேன். ஐந்து நாளாகியும் காயவில்லை. விரல் வைத்தால் ஒட்டுகிறது, இரண்டு கொசு உள்ளே விழுந்துவிட்டன. சுரண்டிவிட்டு மறுபடி ஊற்றலாம் என்றால் பக்கத்து வளைவின் உப்புத்தாளும் கூடவே பிய்ந்துவிடும் போலிருக்கிறது.

1953இல் சாலையை நீட்டி 1.375 மைல் ஆக்கினார்கள், அப்போதும் முட்டை வடிவம் போகவில்லை. நானும் இந்தக் குளத்தைத் தொடப் போவதில்லை. 25,000 பேர் உட்கார்ந்த கூட்டத்துக்கு மேடை பாக்கி இருக்கிறது. கடுகைக் கலர் அடித்து ஒட்டினால் தலைகளாகத் தெரியுமா என்று ஒரு சின்னத் துண்டில் சோதித்துக்கொண்டிருக்கிறேன். கடுகு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. அடுத்தது கசகசா.