ஏற்காட்டில் இரண்டு பேர், ஒரு வண்டி, ஒரு ராத்தங்கல்

ஏற்காட்டுக்கு வருகிற ஜோடிகளில் பாதிப் பேர் மலையைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். பதினொரு மணிக்கு மேலே வந்து ஏரியில் டிக்கெட்டுக்கு நிற்கிறார்கள், உச்சி வெயிலில் பகோடா பாயிண்ட் போகிறார்கள், இருட்டும் நேரத்தில் கிளியூர் அருவிக்கு இறங்கப் பார்க்கிறார்கள், மறுநாள் காலை மூடுபனியில் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று வெள்ளைத் திரையைப் படம் எடுக்கிறார்கள். போன இடமெல்லாம் சரிதான், போன நேரம்தான் தப்பு. பகோடா பாயிண்ட் மலையின் கிழக்கு விளிம்பு, அதனால் அது விடியலுக்கு. லேடீஸ் சீட் தென்மேற்கைப் பார்த்தது, அதனால் அது அந்திக்கு. அருவி வெளிச்சம் இருக்கும் பகல் பொழுதுக்கு. சேர்வராயன் கோயில் மேட்டுக்கு இடி மேகம் திரளும் முன்பே போய்விட வேண்டும். இந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு ராத்தங்கல் போதும்.

முதலில் ஏறும் வழி. சேலத்திலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று வந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறத்தாழ 1,500. முப்பது சொச்சம் கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏறுகிறோம், அதனால் கீழே 36 டிகிரி என்றால் மேலே 28, 29 இருக்கும். அடிவாரத்தில் வியர்க்க வியர்க்க நிற்கும்போது ஸ்வெட்டர் நினைவு வராது. பத்தாவது வளைவு தாண்டியதும் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில் குளிரும். காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டைப் பையின் அடியில் போடாமல் மேலே வையுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறி, முடிந்தவரை முன் சீட்டில் உட்கார்ந்து, வயிறு முட்டச் சாப்பிடாமல் வந்தால் போதும். வாந்தி மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்ப அரை மணி, ஒரு மணி முன்பே போட வேண்டும். வளைவு ஆரம்பித்த பிறகு போடுவது வீண். அந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர் கண்டிப்பாகப் போடக் கூடாது.

இருவரும் ஸ்கூட்டரிலோ பைக்கிலோ வருவதுதான் இந்த மலைக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. ஆனால் இருவர் எடையோடு மலை ஏறுவது ஊருக்குள் ஓட்டுவது மாதிரி கிடையாது. கிளம்பும் முன் பின் டயரில் காற்று பாருங்கள். பல 110 சிசி ஸ்கூட்டர்களில் தனியாக ஓட்ட 29, இருவருக்கு 36 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். உங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் உள்ள அளவைக் கேட்டு வாங்குங்கள், பங்க் பையன் கைக்கணக்கில் அடிப்பதை நம்ப வேண்டாம். காற்று குறைந்த பின் டயர் வளைவில் ஆடும், பாரம் ஏறினால் சூடாகும். பையைப் பின்னால் கட்டாதீர்கள். ஓட்டுகிறவர், பின்னால் ஒருவர், அதற்கும் பின்னால் ஒரு பை என்றால் மொத்த எடையும் பின் சக்கரத்தில் விழுந்து, செங்குத்தான வளைவில் முன் சக்கரம் தரையைப் பிடிக்காமல் ஹேண்டில் லேசாகும். ஸ்கூட்டர் என்றால் காலடியில், பைக் என்றால் டேங்க் மேல் வைத்துக் கட்டலாம். பெட்ரோலைச் சேலத்திலேயே நிரப்பிவிடுங்கள். ஏறி இறங்கவும் மேலே சுற்றவும் சேர்த்து 130 கிலோமீட்டர் வரும், இருவரோடு மலையில் லிட்டருக்கு 35 முதல் 40 என்று வைத்தாலும் முழு டேங்க் தாங்கும்.

வளைவில் ஒரே விதி: ஏறும் வண்டிக்கு வழி. ஆனால் மேலேயிருந்து பஸ் வருவது தெரிந்தால், ஏறுகிறவர் நாமே என்றாலும் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். நீளமான வண்டி திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும், அந்த உள்வட்டத்தில் நுழைந்தால் பின் சக்கரம் நம் பக்கம் வெட்டி வரும். பின்னால் இருப்பவர் துப்பட்டாவை, சேலை முந்தானையை இடுப்பில் செருகியே ஆக வேண்டும். சக்கரத்தில் துணி சிக்கி விழுவது எந்த ரோட்டிலும் நடப்பதுதான், இங்கே விழுந்தால் பக்கத்தில் பள்ளம். ஓட்டுகிறவர் சாய்கிற பக்கமே சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி வளைவுக்கு வெளியே ஓடும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் வண்டிகள் மாட்டிக்கொள்கின்றன. இருபது கிலோமீட்டருக்குப் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் டிரம் சூடேறி, பிடி குறைந்து, லீவர் ஹேண்டில் வரை வந்துவிடும். வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி வேலையைச் செய்துவிடும். ஸ்கூட்டரில் ஒரு நுணுக்கம் உண்டு. வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் தானாக விடுபட்டு, எஞ்சின் இழுவை இல்லாமல் வண்டி சும்மா உருளும். அப்போது ஆக்சிலேட்டரை ஒரு துளி திருகிவிட்டால் கிளட்ச் மறுபடி பிடிக்கும், திருகலை விட்டதும் இழுவை கிடைக்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பாதி மலையில் ஒரு முறை நிறுத்தி, பிரேக் ஆறப் பத்து நிமிடம் கொடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். லோபீம், இடது ஓரக் கோடு, அவ்வளவுதான்.

முதல் நாள் பத்து மணிக்குள் மேலே வந்துவிட்டால் நேராகச் சேர்வராயன் கோயில். இதுதான் மலையின் உச்சி, 1,623 மீட்டர். உச்சி என்றால் கூர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேசை போட்டதுபோல் பரந்த புல்வெளி, சிவந்த மண். கோடிக்கணக்கான வருட மழையும் வெயிலும் அடிப்பாறையைக் கரைத்துக் கரைத்து, கரையாமல் தங்கிய இரும்பும் அலுமினியமும்தான் அந்தச் சிவப்பு. இந்த மலையின் பாக்சைட்தான் மேட்டூரில் இருந்த அலுமினிய ஆலைக்குப் போனது. கோயில் ஒரு குகை. சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே. குனிந்து போக வேண்டும், ஈரம் கசியும், ஹெல்மெட்டும் பையும் வெளியே. மே மாதத் திருவிழாவில் மலைக்கிராமங்கள் அத்தனையும் இங்கே கூடும். சாமி பார்க்க அது நல்ல நாள், காலாற நடக்க ஆகாத நாள். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மழை வருவது வழக்கம். மறைவே இல்லாத மேடு என்பதால் முதல் உறுமல் கேட்டதும் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள், ஒற்றை மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

அடுத்து கிளியூர் அருவி. சுமார் 300 அடி. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும் சுற்றுப்புற ஓடைகளும் சேர்ந்துதான் அருவியாகின்றன. ஆகவே அருவி எப்படி இருக்கும் என்பதை அருவியில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ‘ஏரி கோடி போகுதுங்களா?’ என்று டீக்கடையில் கேட்டால் பதில் கிடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பார்க்கலாம். மார்ச்சுக்கு மேல் பெரும்பாலும் ஈரப் பாறைதான், அதற்காக முட்டியை நோகடிக்க வேண்டாம். இறக்கம் செங்குத்து. இறங்க ஆகும் நேரத்தைப் போல இரண்டு பங்கு ஏறுவதற்கு வைத்துக்கொண்டு, மூன்று மணிக்குள் திரும்பி ஏற ஆரம்பித்துவிடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு பாசியில் நிற்காது, அடிப்பக்கம் பல் உள்ள ஷூ வேண்டும். பாறையில் கருமையாக மினுங்கும் இடம்தான் வழுக்கும், வெளிறிக் காய்ந்த இடத்தில் கால் வையுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் அடித்து வந்தால் மேலே எங்கோ மழை பெய்கிறது என்று அர்த்தம். நம் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும். அந்த நேரத்தில் செல்ஃபிக்கு இன்னொரு கோணம் தேடாமல் கரையேறுங்கள். வெள்ளம் அதிகம் என்று அதிகாரிகள் வழியை மூடியிருந்தால் வேலியைச் சுற்றிப் போகும் குறுக்கு வழி காட்ட யாராவது வருவார்கள். வேண்டாம்.

சூரியன் சாய லேடீஸ் சீட். மேலே ஏறி வந்த ரோடு முழுவதும் கீழே மடிந்து மடிந்து கிடக்கும், அதற்கப்பால் சேலம். தெளிவான நாளில் மேட்டூர் நீர்த்தேக்கம் பளிச்சென்று தெரியும். மலையடிவாரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீறிப்போட்டது போலத் தெரிவது மேக்னசைட் சுரங்கங்கள், பலர் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாமல் அரை மணி இருந்தால் நகரம் விளக்கேற்றுவதைப் பார்க்கலாம். மூடுபனி வந்து மறைத்தாலும் இருபது நிமிடம் பொறுங்கள், விளிம்பில் காற்று மேலெழுவதால் அது நிலையாக நிற்காது. பக்கத்திலேயே இருக்கும் ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் இரண்டும் நேரம் இருந்தால் மட்டும்.

தங்குமிடம் ஏரிப் பக்கமா, எஸ்டேட்டுக்குள்ளா என்று முடிவு செய்யும்போது இரவுச் சாப்பாட்டை யோசியுங்கள். எஸ்டேட் அறைகள் அழகு. ஆனால் கடைசி ஒன்று இரண்டு கிலோமீட்டர் கல் ரோடாக இருக்கும், இருட்டிய பின் மூடுபனியில் அந்த ரோட்டில் சாப்பாட்டுக்காக வெளியே வருவது தொல்லை. அங்கேயே சமைத்துத் தருவார்களா என்று முன்பதிவின்போதே கேட்டு, வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். அடையாள அட்டை இருவருக்கும் கேட்பார்கள், ஒருவருடையதை மட்டும் கொண்டுவந்து வரவேற்பறையில் வாதாடுவது வழக்கமான காட்சி. சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வாடகை ஏறும், ரோடு நகராது. செவ்வாய், புதன் வந்து பாருங்கள், வேறு ஊர்.

மறுநாள் விடியலுக்கு முன் பகோடா பாயிண்ட். ஜனவரியில் சூரியன் ஆறே முக்காலை ஒட்டி வரும், ஜூன் வாக்கில் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும். அதற்கு இருபது நிமிடம் முன்பு அங்கே இருந்தால் நிறம் மாறுவதையும் பார்க்கலாம். கோபுரம்போல் கல் அடுக்கி வைத்திருப்பதால் அந்தப் பெயர். அந்தக் கற்களை எடுத்து நீங்களும் ஒன்று அடுக்க வேண்டாம். கீழே பள்ளத்தாக்கில் மலைக்கிராமம், அதற்கப்பால் அடுக்கடுக்காக மலை.

அங்கிருந்து திரும்பி டிபன் முடித்ததும் 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலை. ஏற்காட்டின் சாரம் இதுதான், ஆனால் பாதிப் பேர் இதைத் தொடுவதே இல்லை. நாகலூர்ப் பக்கமாகக் காபித் தோட்டங்கள், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, பலா, ஆரஞ்சு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்ததிலிருந்து மலையின் முகமே மாறிவிட்டது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து சில நாள் கழித்து வந்தால் செடியெல்லாம் வெள்ளைப் பூ, மல்லிகை வாசம். அந்தப் பூ இரண்டு மூன்று நாளுக்குமேல் நிற்காது, தேதி குறித்து வர முடியாது. நவம்பருக்கு மேல் என்றால் சிவந்த பழம், பறிப்பு வேலை. தோட்டத்துக்குள் கேட்காமல் நுழைய வேண்டாம்.

சுற்றுச்சாலையில் நிற்காமல் ஓட்டினால் ஒரு மணி நேரம், நின்று பார்த்தால் மூன்று. சில இடங்களில் போன் சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். காலையிலும் அந்தியிலும் காட்டெருமை தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வரும். சாது மாதிரி நிற்கும், அதை நம்பக் கூடாது. ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், லைட் அடிக்க வேண்டாம், அது கடக்கும் வரை காத்திருங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே வண்டியை விடுவதும், தனியாக நிற்கும் கடாவைப் படம் பிடிக்க இறங்குவதும்தான் ஆபத்து.

ஏரியில் படகு வேண்டும் என்றால் திறந்ததும் போங்கள், காற்று எழும் முன் மிதிபடகு சுலபமாக நகரும். என்னைக் கேட்டால் அந்த நேரத்தை இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டத்துக்குக் கொடுப்பேன். 1963இல் தொடங்கியது. ஆர்கிட் வகைகள், பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைத் தாவரம் என்று சாவகாசமாகப் பார்க்க வேண்டியவை அங்கே உண்டு. இதற்கு வார நாள்தான் சரி.

வாங்குவதில் இரண்டு பொருள் போதும். மிளகை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், முற்றிய மிளகு மூழ்கும், சொத்தையும் பப்பாளி விதையும் மிதக்கும். காபித்தூள் என்றால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். முடிந்தால் வறுத்த கொட்டையாகவே கால் கிலோ வாங்கி, வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப, குப்பனூர் ரோட்டையும் பார்க்கலாம். அயோத்தியாப்பட்டணம் பக்கமாகச் சேலத்தோடு சேரும். வளைவுகள் குறைவு, வண்டிகள் குறைவு, அதே அளவுக்குக் கடைகளும் குறைவு, ஆகவே பஞ்சர் கிட்டும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், பகலிலேயே இறங்கிவிடுங்கள். பெருமழை என்றால் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மழை விட்ட மறுநாளும் கல் உருளும், வெட்டிய பாறைச் சரிவின் கீழ் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம்.

சேலத்துக்குள் வரும்போது சாயங்காலம் ஆகியிருந்தால் தள்ளுவண்டியில் தட்டுவடை செட், அதாவது இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும். வண்டிக்காரர் கையிலிருந்து வாங்கியதும் வாயில் போட்டுவிட வேண்டும், பார்சல் கட்டினால் சட்னி ஊறித் தட்டுவடை நமத்துப்போகும்.