விளக்கு எரியாத வீடுகள்

"ஒரு அறை போதும். மலையில் வேலை கிடைத்துவிட்டது."

அறிவிப்புப் பலகையில் கையால் எழுதிய தாள். கிழித்துக்கொள்ள வசதியாகக் கீழே தொலைபேசி எண்ணைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள். ஒன்றுகூடக் கிழிபடவில்லை.

பக்கத்திலேயே ரியல் எஸ்டேட் அலுவலகம். கண்ணாடி முழுக்க மில்லியன் டாலர் வீடுகளின் படங்கள்.

செப்டம்பர் கடைசி. கொலராடோவில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. ஒரே வேரில் கிளைத்த கூட்டம் என்பதால் அந்தத் தோப்பு மொத்தமும் சேர்ந்தே நிறம் மாறும். அப்படி ஓர் அழகு.

பனிச்சறுக்கு தொடங்கும்வரை ஊர் அமைதிதான். மாலையில் நடந்தால் தெரியும், எத்தனை பெரிய விடுமுறை வீடுகளில் விளக்கே எரியவில்லை என்று.

சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டை இயக்குபவரும் சமையற்காரரும் எங்கே தூங்குவார்கள்?

இங்குள்ள பனிச்சறுக்கு ஊரான வேய்லின் நகராட்சி 2017இல் ஒரு வழி கண்டது. உரிமையாளருக்குப் பணம் கொடுத்து, பத்திரத்திலேயே நிபந்தனை சேர்க்கிறது: குடியிருப்பவர்களில் ஒருவராவது வேய்ல் அடங்கிய ஈகிள் கவுன்டியில் (மாவட்டத்தில்) வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவராக இருக்க வேண்டும். வீடு கைமாறினாலும் நிபந்தனை மாறாது.

சுற்றிலும் அரசுக் காடு, கட்ட இடமில்லாத பள்ளத்தாக்கு. இருக்கும் வீட்டையே உழைப்பவருக்குத் திருப்பும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் வாடகைக்கு அதில் உச்சவரம்பு இல்லை. அதையும் யாராவது பார்க்க வேண்டும்.